ஏசி போடாதபோதும் சுற்றுகிற சக்கரம்



போன மாதம் மதுரையில் என் தங்கை பேத்தியின் காதுகுத்துக்கு வந்தவர்கள், நானும் வீட்டுக்காரம்மாவும் காரிலிருந்து இறங்கிய கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். கத்திரி வெயில். என் சட்டையைப் பிழிந்திருந்தால் ஒரு செம்பு தண்ணீர் தேறியிருக்கும். “கார்ல ஏசி இல்லையா மாமா?” என்று கேட்டவர்களிடமெல்லாம் “இருக்கு, போடலை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். முழுப் பதில் இதோ. வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் எங்கிருந்து ஆரம்பிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

திருச்சியிலிருந்து கிளம்பி விராலிமலையைத் தாண்டும்போது அந்தச் சத்தம் ஆரம்பித்தது. எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு ‘கர்ர்ர்’. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கூடியது, காலை எடுத்தால் குறைந்தது. ஏசிக்குத்தான் ஏதோ கோளாறு என்று நானே முடிவு கட்டி ஏசியை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. ஆனாலும் நோயாளிக்கு ஓய்வு கொடுத்தோம் என்ற நினைப்பில் கண்ணாடியை இறக்கிவிட்டு மதுரை வரை போனோம். திரும்பும்போதும் அப்படியே.

ஊர் வந்ததும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். பெயர் வேண்டாம். மாலையில் கம்ப்யூட்டரில் அடித்த தாளை நீட்டினார்கள். கம்ப்ரசரை முழுசாக மாற்ற வேண்டும், இருக்கிற கேஸை வெளியே விட்டுவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும், கூலியோடு 27,400 ரூபாய். வீட்டுக்காரம்மாவின் மூட்டு ஆபரேஷனுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். “யோசித்துச் சொல்கிறேன்” என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அரியமங்கலம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவனுக்கு போன் செய்தேன். 1996-97இல் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இன்று நாற்பது தாண்டி, பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புகிறவன். ஆனாலும் எனக்கு அவன் ‘அவன்’தான், அவனும் அதைத்தான் விரும்புவான்.

பானட்டைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டான். ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டான். பிறகு கம்ப்ரசர் மேல். ஏசியைப் போடச் சொன்னான். ‘டக்’ என்று கிளட்ச் ஒட்டியது. நிறுத்தச் சொன்னான். விலகியது. ஒட்டினாலும் விலகினாலும் அதே கர்ர்ர். எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டைக் கழற்றினான். பெல்ட் இல்லாமல் சில விநாடி எஞ்சினை ஓட்டிக் காட்டினான், சத்தம் இல்லை. மறுபடி அணைத்துவிட்டு, “கைய குடுங்க சார்” என்று என் கையைப் பிடித்து கம்ப்ரசரின் புல்லியின் மேல் வைத்துச் சுற்றச் சொன்னான். உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் ஆட்டமும் இருந்தது. அடுத்து, புல்லிக்கு முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டை மட்டும் பிடித்துத் திருப்பச் சொன்னான். அது கம்ப்ரசரின் உள் தண்டையே திருப்புவது. ஒரே சீராக, கனமாக, வழுவழுவென்று திரும்பியது.

“கம்ப்ரசர் உள்ள நல்லா இருக்கு சார். புல்லி பேரிங்தான் போச்சு. கேஸ தொடவே வேணாம். புல்லர் போட்டு இழுத்து பேரிங்க மாத்திட்டா முடிஞ்சுது.”

“அப்ப நான் மதுரை வரைக்கும் ஏசியை நிறுத்திட்டுப் போனது?”

“வேர்த்தது மிச்சம் சார். ஏசி போட்டாலும் போடாட்டியும் எஞ்சின் ஓடற வரைக்கும் இந்தப் புல்லி சுத்திக்கிட்டேதான் இருக்கும். நல்ல வேளை, வழியில பேரிங் பிடிச்சிருந்தா பெல்ட் கருகி அறுந்திருக்கும். உங்க வண்டில ஆல்டர்னேட்டரும் அதே பெல்ட்ல சார்.”

துவரங்குறிச்சிக்கு அப்பால் பொட்டல் வெளியில், அந்த வெயிலில், வீட்டுக்காரம்மாவின் முழங்காலோடு வண்டி நின்றிருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். “ஏசி போடாதப்பவும் இது ஏன் சார் சும்மா சுத்தணும்? முதல்ல இப்பிடி செஞ்சது யாரு? நீங்க ஹிஸ்டரிதானே?”

முப்பத்தொரு வருஷம் வரலாறு நடத்தியவனுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த இரண்டு வாரம் அதைத்தான் தேடிப் படித்தேன்.

கதையைச் சென்னையிலிருந்தே ஆரம்பிக்கலாம். மெரினா கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் பார்த்திருப்பீர்கள். 1897இல் சுவாமிஜி வந்து தங்கியதால் அந்தப் பெயர். அதற்கு முன்னால் அது ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் அங்குள்ள ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூள் போர்த்தி, கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833இல் முதல் கப்பல் கல்கத்தா வந்தது. 180 டன் ஏற்றியதில் கரை சேர்ந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. மெட்ராசில் இறக்கிய கட்டிகளைச் சேமிக்க 1840களில் கட்டியதுதான் அந்த வட்டக் கட்டடம். இந்த வியாபாரத்தை ஒழித்தது இயந்திரம். 1870களில் இயந்திர ஐஸ் பரவத் தொடங்கியதும், கப்பலில் வந்த ஐஸுக்கு மவுசு போய்விட்டது.

அந்த இயந்திரத்தின் இதயம்தான் கம்ப்ரசர். 1834இல் லண்டனில் வாழ்ந்த ஜேக்கப் பெர்கின்ஸ் என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். தத்துவம் எளிது. ஊசி போடுமுன் நர்ஸ் தடவும் ஸ்பிரிட் ஏன் சில்லென்று இருக்கிறது? அது ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பெர்கின்ஸ் ஈதரை ஒரு மூடிய பாத்திரத்தில் ஆவியாக்கினார். அந்த ஆவியை பம்ப் ஒன்று உறிஞ்சி அழுத்தியது. அழுத்தப்பட்ட ஆவி வெளியே வெப்பத்தைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகியது. அந்தத் திரவம் சின்னத் துவாரம் வழியாகப் பாத்திரத்துக்குத் திரும்பி, மறுபடி ஆவியாகியது. உங்கள் காரில் இன்று இருப்பதும் இதே நாலு உறுப்புதான். ஏறக்குறைய 190 வருஷமாக இந்தச் சுற்று மாறவில்லை. மாறியதெல்லாம் உள்ளே ஓடும் திரவமும், பம்ப்பின் உருவமும், அது போடும் சத்தமும்தான்.

பெர்கின்ஸால் அதை வியாபாரமாக்க முடியவில்லை. 1850களில் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் ஊரில் பத்திரிகை நடத்திய ஜேம்ஸ் ஹாரிசன் ஓரளவு ஜெயித்தார். அச்சு எழுத்துகளை ஈதரால் துடைக்கும்போது ஈயம் சில்லிட்டதைப் பார்த்து யோசனை வந்தது என்பார்கள். 1870களில் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே அம்மோனியாவை வைத்துக் கட்டிய கம்ப்ரசர்கள் பீர் தயாரிப்பவர்களிடம் நன்றாக ஓடின. அம்மோனியா மூக்கைத் துளைக்கும் விஷம். தொழிற்சாலைக்குச் சரி, வீட்டுக்கு?

1920களில் வீட்டு ஃபிரிட்ஜுகளில் மெத்தில் குளோரைடு, சல்ஃபர் டை ஆக்சைடு போன்ற விஷ வாயுக்களை வைத்திருந்தார்கள். கம்ப்ரசரின் தண்டு வெளியே நீளும் இடத்தில் ஒரு சீல் இருக்கும். அது தேய்ந்தால் ராத்திரியில் வாயு கசியும், தூங்குகிற குடும்பம் எழுந்திருக்காது. பெர்லினில் அப்படி ஒரு குடும்பம் இறந்த செய்தியைப் படித்து மனம் நொந்த ஒருவர் யார் தெரியுமா? ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். லியோ சிலார்டு என்ற இளம் விஞ்ஞானியோடு சேர்ந்து, சீலே தேவைப்படாத, அசையும் உறுப்பே இல்லாத ஃபிரிட்ஜ் பம்ப் ஒன்றை வடிவமைத்தார். உருகிய உலோகத்தை மின்காந்தத்தால் தள்ளும் பம்ப். ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் செய்தும் பார்த்தது. பேரிங் இல்லை, பிஸ்டன் இல்லை, தேய ஒன்றும் இல்லை. ஆனால் சத்தம் தாங்கவில்லை! கேட்டவர்கள் குள்ளநரியின் ஊளையோடு ஒப்பிட்டார்கள். ஐன்ஸ்டைனாலேயே முடியாத இடத்தில் நம் கார் கொஞ்சம் முனகினால் மன்னித்துவிடலாம் என்று தோன்றுகிறது, இல்லையா?

ஐன்ஸ்டைன் பம்ப்பை மாற்றப் பார்த்தார். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி வாயுவை மாற்றினார். ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரிஜிடேர் பிரிவுக்காக 1928இல் அவர் குழு கண்டது குளோரோஃபுளூரோகார்பன். ஆர்-12 என்று ஏசி மெக்கானிக்குகள் சொல்வது அதில் ஒன்று. எரியாது, விஷமில்லை. 1930இல் வேதியியலாளர்கள் கூடிய சபையில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவத்தி மேல் ஊதினார். வத்தி அணைந்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சபை கைதட்டியிருக்கும். பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையைக் கொடுத்தவரும் இதே மிட்ஜ்லிதான். 1940இல் போலியோவால் படுக்கையில் விழுந்தவர், தன்னைத் தூக்கி உட்காரவைக்கத் தானே அமைத்த கயிறும் கப்பியும் கழுத்தில் சிக்கி 1944இல் இறந்துபோனார். மெழுகுவத்தியோடு அவர் செய்த வித்தைக்கு உலகம் கொடுத்த விலை என்ன என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

விஷமில்லாத வாயு வந்த பிறகுதான், மூடிய காருக்குள் மனிதர்களோடு அதை வைக்கத் துணிந்தார்கள். அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி 1939 கடைசியில் சிகாகோ கண்காட்சியில் ஏசி வைத்த காரைக் காட்டியது. கூடுதல் விலை 274 டாலர். குளிர்விக்கும் சுருள் பின் சீட்டுக்குப் பின்னால், டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. கம்ப்ரசர் முன்னால், எஞ்சினின் பெல்ட்டில்.

என் மாணவனின் கேள்விக்கான பதில் இந்த பேக்கார்டில்தான் கிடைத்தது. அந்தக் கம்ப்ரசரில் கிளட்ச் கிடையாது. புல்லி நேராகத் தண்டோடு பிணைந்திருந்தது. எஞ்சின் ஓடினால் கம்ப்ரசரும் ஓடியே ஆக வேண்டும், மார்கழியாக இருந்தாலும். உள்ளே வரும் குளிர் காற்றை நிறுத்த ஃபேனை நிறுத்தலாம். கம்ப்ரசரை நிறுத்த வேண்டுமானால் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, கீழே இறங்கி, பானட்டைத் தூக்கி, கையால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். வேண்டும்போது மறுபடி மாட்ட வேண்டும். அந்தக் காரை வாங்கியவர்கள் கோட்டும் டையும் போட்ட பணக்காரர்கள். யார் கையில் கிரீஸ் பூசிக்கொள்வார்கள்? 1941லேயே பேக்கார்டு அதைக் கைவிட்டுவிட்டது. பிறகு போர் வந்து, எல்லாத் தொழிற்சாலையும் டாங்கியும் விமானமும் செய்யப் போய்விட்டன.

1953இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் மறுபடி ஏசி கார்களைக் கொண்டுவந்தன. அடுத்த வருஷம், 1954இல், நாஷ் என்ற சின்னக் கம்பெனி பெரியவர்களை முந்தியது. அதன் கார் பெயர் அம்பாசிடர்! நம்ம ஊர் அம்பாசிடர் இல்லை, அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் பிள்ளை, 1950களின் கடைசியில்தான் பிறந்தது. நாஷ் அம்பாசிடரில் டிக்கியில் ஒன்றும் இல்லை. ஹீட்டர், ஏசி எல்லாமே முன்பக்கம் ஒரே ஏற்பாடாக அடங்கிவிட்டன. விலை 345 டாலர். டேஷ்போர்டிலேயே திருகு, கம்ப்ரசரில் மின்சார கிளட்ச்.

அந்த கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதை இன்றைய அமைப்பை வைத்துச் சொல்கிறேன். புல்லியைத் தண்டிலிருந்து பிரித்துவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பேரிங். எஞ்சின் ஓடும்போது புல்லி தன்பாட்டுக்குச் சுற்றும், தண்டு சும்மா நிற்கும். புல்லிக்கு முன்னால், அரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு, தண்டோடு பிணைந்த ஓர் இரும்புத் தட்டு. நீங்கள் ஏசி பொத்தானை அழுத்தினால் புல்லிக்குப் பின்னால் இருக்கும் காயிலில் கரண்ட் பாய்ந்து அது காந்தமாகும். தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டும். ‘டக்’. அந்த நொடியிலிருந்து கம்ப்ரசர் ஓடும். கரண்டை நிறுத்தினால் தட்டு விலகிக்கொள்ளும்.

ஆக, காரை நிறுத்தி பெல்ட்டைக் கழற்றும் தொல்லை போனது. பதிலுக்கு, ஏசி ஓடினாலும் ஓடாவிட்டாலும், மழைக்காலத்திலும் நடுராத்திரியிலும், நின்றுகொண்டிருக்கும் ஒரு மூக்கின் மேல் ஓயாமல் சுற்றும் ஒரு சக்கரம் வந்து சேர்ந்தது. விராலிமலையில் நான் கேட்டது அந்தச் சக்கரத்தின் பேரிங். பேக்கார்டு முதலாளிகளின் கையில் கிரீஸ் படாமல் இருக்க வந்த ஏற்பாட்டின் செலவை நான் மதுரை ரோட்டில் வியர்வையாகக் கட்டியிருக்கிறேன்.

இதை அவனிடம் சொன்னபோது, பானா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். பிறகு அவன் பங்குக்குப் பாடம் நடத்தினான். கிளட்ச் ஒட்டும் நேரத்தில் மட்டும் ‘கிரீச்’ என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது தட்டின் இடைவெளி தேய்மானத்தால் அதிகமாகிக் காந்தம் இழுக்கத் திணறும். ஃபீலர் கேஜ் விட்டு அளந்து, ஒரு மெல்லிய ஷிம்மை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் சில வண்டிகளில். ஒட்டிய பிறகு ‘கடகட’ என்று இடித்தால் முதலில் கம்ப்ரசரைத் தாங்கும் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். போல்ட் இறுக்கமாக இருந்தும் இடித்தால், கேஸ் அளவு அதிகமாகிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் இடித்தால்தான் உள்ளே பிஸ்டன் பக்கம் சந்தேகப்பட வேண்டும். “முதல்ல கம்ப்ரசர மாத்துன்னு சொல்றவன் காத மூடிக்கிட்டு பேசறான் சார்.”

கேஸ் குறைந்தால் கம்ப்ரசர் ஏன் இடிக்க வேண்டும்? இதற்கும் ஒரு தேதி உண்டு. ஆரம்பக் கார் கம்ப்ரசர்கள் இரண்டு பிஸ்டன் மேலும் கீழும் போகும் கனமான சாமான்கள், எஞ்சினையே உதறும். 1962இல் ஃபிரிஜிடேர் உருளை வடிவத்தில் ஆறு சிலிண்டர் கம்ப்ரசரைக் கொண்டுவந்தது. தண்டில் ஒரு தோசைக்கல்லைச் சாய்வாகக் குத்தி வைத்துச் சுற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றும்போது அதன் விளிம்பு முன்னும் பின்னும் ஆடும் இல்லையா? அந்த ஆட்டத்தில் தண்டுக்கு இணையாகப் படுத்திருக்கும் பிஸ்டன்கள் முன்னும் பின்னும் ஓடும். அதிர்வு பெருமளவு குறைந்தது. 1969 வாக்கில் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஏசியோடு விற்றன.

அந்த 1962 கம்ப்ரசரில் எண்ணெய்க்கென்று தனித் தொட்டியும், அதை இறைக்க ஒரு குட்டி பம்ப்பும் இருந்தன. பின்னால் வந்த சின்ன, லேசான கம்ப்ரசர்களில் பெரும்பாலானவற்றில் அவற்றை எடுத்துவிட்டார்கள். எண்ணெயை கேஸோடு கலந்தே அனுப்பி, சுற்றி வரும் கேஸே அதைத் திருப்பிக் கொண்டுவரட்டும் என்று விட்டார்கள். எடை குறைந்தது, பெட்ரோல் மிச்சமானது. ஆனால் எங்காவது கேஸ் கசிந்தால், எண்ணெயும் கூடப் போகிறது. மிச்ச எண்ணெயும் ஒழுங்காகத் திரும்புவதில்லை. கம்ப்ரசர் வறண்டு தேயும். தேய்ந்த உலோகத் தூள் கண்டன்சர் வரை ஓடி அடைக்கும். அந்த நிலைமை வந்துவிட்டால் பெரிய ஒர்க்‌ஷாப்பின் தாளில் இருந்த தொகை நியாயம்தான், அதற்கு மேலும் ஆகும். அதனால்தான், குளிர் குறைந்தால் கசிவு எங்கே என்று பார்க்காமல் வருஷாவருஷம் ‘டாப்-அப்’ மட்டும் செய்துகொண்டு போகாதீர்கள் என்று அவன் எல்லோரிடமும் சொல்லச் சொன்னான். சொல்லிவிட்டேன்.

இனி மிட்ஜ்லியின் மெழுகுவத்தி. அவர் ஊதிய வாயு எதோடும் சேராது, சிதையாது. அதுதான் அதன் பெருமை. சிதையாததால் அது மேலே மேலே போய் ஓசோன் படலம் வரை ஏறியது. அங்கே சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, அதிலிருந்த குளோரின் ஓசோனைத் தின்றது. 1974இல் மாரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் இதை எழுதியபோது கம்பெனிகள் நம்ப மறுத்தன. 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகா மேலே ஓசோன் பாதாளமாகக் குறைந்திருப்பதை அளந்து சொன்னார்கள். 1987 செப்டம்பர் 16இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா 1992இல் சேர்ந்தது. 1995இல் மொலினா, ரோலண்ட், பால் குருட்சன் மூவருக்கும் நோபல். பத்தாம் வகுப்பில் ஓசோன் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னால் ‘ஃபிரிட்ஜ், ஏசி’ என்று எழுதுவீர்களே, அந்த ஏசியில் கார் ஏசிக்குப் பெரும் பங்கு உண்டு. பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர், ரப்பர் ஹோஸ், ஓயாத அதிர்வு. வீட்டு ஃபிரிட்ஜை விட அதிகம் கசியும்.

1990களில் ஆர்-134ஏ என்ற புது வாயு வந்தது. ஓசோனைத் தொடாது. அது வந்த புதிதில் எத்தனையோ நல்ல கம்ப்ரசர்கள் செத்தன என்பதை என் மாணவன் தொழில் பழகிய நாள்களிலேயே கண்ணால் பார்த்திருக்கிறான். பழைய ஆர்-12 வண்டிகளில் இருந்தது மினரல் ஆயில். அது புது வாயுவோடு கலக்காது. கலக்காத எண்ணெய் குழாய்களில் தங்கிவிடும், கம்ப்ரசருக்குத் திரும்பாது. அதைத் தெரியாமலோ, தெரிந்தே காசு மிச்சம் பிடிக்கவோ, எண்ணெயை மாற்றாமல் கேஸை மட்டும் மாற்றியவர்கள் உண்டு. “ஒரு மாசம் ஜில்லுனு இருக்கும் சார், அப்புறம் ஜாம்தான். அந்தச் சத்தத்த இன்னும் மறக்கல” என்றான்.

ஆர்-134ஏவுக்கும் குறை உண்டு. ஓசோனை விட்டுவிட்டாலும் பூமியைச் சூடாக்குவதில் அது அதே எடை கரியமில வாயுவை விட 1,300 மடங்குக்கு மேல் வல்லது. 2016இல் கிகாலியில் அதையும் குறைக்க ஒப்பந்தம் போட்டார்கள். நல்ல பட்டறைகளில் கேஸை மெஷினில் உறிஞ்சிச் சேமித்து, மறுபடி ஏற்றுவார்கள். எனக்குக் கொடுத்த தாளில் ‘வெளியே விட்டுவிட்டு’ என்று இருந்ததை அவனிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தான்.

பேரிங் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நடு நட்டைக் கழற்றி கிளட்ச் தட்டை எடுத்தான். சர்க்கிளிப்பை விரித்து எடுத்து, புல்லர் போட்டுப் புல்லியை இழுத்தான். பழைய பேரிங்கை அழுத்தி வெளியே தள்ளி, புதிதை நேராக, ஒரு பக்கம் சாயாமல், வெளி வளையத்தில் மட்டும் பலம் படும்படி உள்ளே அழுத்தினான். உள் வளையத்தில் அடித்தால் புது பேரிங்கே அன்றைக்கே கெட்டுவிடுமாம். இடைவெளியை கேஜ் விட்டு அளந்தான். பேரிங் 720, கூலி 600. கூலி வேண்டாம் என்றவனிடம், பள்ளிக்கூடத்தில் பேசின குரலில் பேசி வாங்கவைத்தேன்.

டீ குடிக்கும்போது ஒரு விஷயம் சொன்னான். எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. ஒன்பதாம் வகுப்பில் தொழிற்புரட்சி நடத்திக்கொண்டிருக்கிறேன். ஜேம்ஸ் வாட், நீராவி எஞ்சின். இவன் எழுந்து, “சார், அந்த எஞ்சின் என்ன சத்தம் போடும்?” என்று கேட்டானாம். வகுப்பே சிரித்ததாம். நான் கேலி செய்கிறான் என்று நினைத்து வெளியே நிற்கவைத்தேனாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு டீ இறங்கவில்லை. அவன் கேட்ட கேள்வி அந்தப் பாடத்தில் யாரும் கேட்காத நல்ல கேள்வி. அந்தக் காதுதான் எனக்கு இருபத்தாறாயிரம் ரூபாயைக் காப்பாற்றியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அதையும் தேடினேன். பதில் வாட் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. 1777இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் சேஸ்வாட்டர் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க அவர் எஞ்சின் ஒன்றை நிறுத்தினார். அதன் வேகமும் பயங்கரச் சத்தமும் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பெரும் திருப்தியாம். வாட் ஒன்றிரண்டு தடவை அதைச் சரிசெய்து, சத்தம் குறைவாக, பதமாக ஓடும்படி வைத்தார். சுரங்கத்தை நடத்திய ஆளுக்கு அது பிடிக்கவில்லை. எஞ்சின் உறுமினால்தான் அவருக்குத் தூக்கமே வருமாம். சத்தத்தைக் கேட்டுத்தான் ஜனங்கள் அதன் பலத்தை நம்புகிறார்கள் என்று அலுத்துக்கொண்டு, ஓட்டுகிறவன் பாடு என்று விட்டுவிட்டார் வாட்.

இதை அப்படியே அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே, “இருபத்தொன்பது வருஷம் லேட், மன்னித்துக்கொள்” என்று எழுதினேன். ராத்திரி பத்தரைக்குப் பதில் வந்தது: “சூப்பர் சார். ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துட்டு வாங்க, பெல்ட் டென்ஷன் ஒரு தடவ பாத்துரலாம்.”